அத்தியாயம் 6: ஃபெலோஷிப் சேருமுன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் குழந்தைநல ரெசிடென்சியின் இரண்டாம் ஆண்டு முடியும் நேரத்தில் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மூன்றாண்டுப் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டு பொதுக் குழந்தைநல மருத்துவராக வேலைக்குப் போகலாம். இன்னும் மூன்றாண்டு ஃபெலோஷிப் படித்து இதயம், சிறுநீரகம், நாளமில்லாச் சுரப்பி என்று ஏதேனும் ஒரு துறைக்குள்ளும் போகலாம். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ. எழுதி அங்கே போகிறவர்களில் பலருக்கு, படிப்பு ஏற ஏறச் சம்பளமும் ஏறும் என்பது கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்ட நம்பிக்கை. பெரியவர்களுக்கான இதயநோய் மருத்துவத்திலும் இரைப்பை-குடல் மருத்துவத்திலும் அந்த நம்பிக்கை பலிக்கும். குழந்தைகளுக்கான துறைகளில் பெரும்பாலானவற்றில் பலிக்காது. கூடுதலாக மூன்றாண்டு படித்தவர், படிக்காதவரைவிட வாழ்நாள் முழுவதிலும் குறைவாகச் சம்பாதிப்பது அங்கே விதிவிலக்கல்ல, அதுதான் வழக்கம்.

அதனால் ஃபெலோஷிப்பே வேண்டாம் என்று இந்த அத்தியாயம் சொல்லவில்லை. எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சேருங்கள் என்கிறது. கணக்குப் போடாமல் சேர்ந்தவர்தான் பின்னால் மனம் கசந்து துறையைவிட்டே போகிறார். அந்த இழப்பு அவரோடு முடிவதில்லை, அவரை நம்பியிருந்த குழந்தைகளுக்கும் சேர்கிறது.

படி 1: துறைகளை இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள்

முதலில், உங்கள் மனத்தில் இருக்கும் துறை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். ராக்லின், சைமன் ஆகிய இருவர் 2011-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஃபெலோஷிப் படிப்பவர் இழக்கும் வருமானம், கடன் வட்டி, பிற்காலச் சம்பளம் எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, பொதுக் குழந்தைநல மருத்துவரின் வாழ்நாள் வருமானத்தோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான துறைகளில் ஃபெலோஷிப் நட்டக் கணக்காகவே வந்தது. கேட்டனாச்சியோ என்பவரும் சேர்ந்துகொள்ள, அதே இதழில் 2021-இல் கணக்கைப் புதுப்பித்தார்கள். ஆராய்ந்த 15 துறைகளில் 12 நட்டத்தில் முடிந்தன. மேல் நுனியில் இருந்த இதயவியல், பொது மருத்துவரைவிட வாழ்நாளில் சுமார் 8 லட்சத்து 52 ஆயிரம் டாலர் கூடுதலாகத் தந்தது. கீழ் நுனியில் இருந்த வளரிளம் பருவ மருத்துவத்தில் சுமார் 15 லட்சத்து 94 ஆயிரம் டாலர் இழப்பு. இரண்டு துறைகளுக்கும் பயிற்சிக் காலம் ஒன்றுதான், மூன்றாண்டு.

லாபப் பக்கத்தில் நிற்பவை இதயவியல், பச்சிளங்குழந்தை மருத்துவம், குழந்தைகள் தீவிர சிகிச்சை ஆகிய மூன்றும். நாளமில்லாச் சுரப்பி, தொற்றுநோய், முடக்குவாதம், வளர்ச்சி-நடத்தை மருத்துவம் போன்றவை எதிர்ப்பக்கம். இந்தப் பிரிவினை தற்செயலாக வந்ததல்ல என்பதைக் கவனியுங்கள். முதல் கூட்டத்தின் வேலை மருத்துவமனைப் படுக்கைகளைச் சுற்றியும் கருவிகளைச் சுற்றியும் நடக்கிறது. இரண்டாவது கூட்டத்தின் வேலை, பெரும்பாலும் வெளிநோயாளர் அறையில் உட்கார்ந்து கேட்பது, யோசிப்பது, பெற்றோருக்குப் புரியவைப்பது.

பலரும் செய்யும் தவறு: பெரியவர்களுக்கான துறையின் சம்பளத்தைப் பார்த்துவிட்டு, அதே பெயருள்ள குழந்தைகள் துறைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது. அதே குழுவினர் 2021-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வின்படி, ஒப்பிடத்தக்க கல்விசார் பணிகளில் பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரின் வாழ்நாள் வருமானம், குழந்தைகளைப் பார்ப்பவருடையதைவிடச் சராசரியாக 25 விழுக்காடு, அதாவது சுமார் 12 லட்சம் டாலர் அதிகம்.

படி 2: இழக்கும் மூன்றாண்டுகளை எண்ணுங்கள்

ஆண்டுச் சம்பளங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். “அவருக்கு 2 லட்சத்து 30 ஆயிரம், எனக்கும் அதே, ஆகவே இருவரும் சமம்” என்று தோன்றிவிடும். ஆனால் அவர் அந்தச் சம்பளத்தை மூன்றாண்டு முன்பே வாங்கத் தொடங்கிவிட்டார். கீழே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் கையில் இருக்கும் எண்களைப் போட்டு இதே வரிசையில் செய்யுங்கள்.

1. ரெசிடென்சி முடிந்ததும் பொது மருத்துவராகக் கிடைக்கக்கூடிய சம்பளத்தை எழுதுங்கள். ஆண்டுக்கு 2,30,000 டாலர் என்று வைப்போம்.
2. ஃபெலோஷிப் உதவித்தொகையை எழுதுங்கள். 80,000 டாலர் என்று வைப்போம்.
3. வித்தியாசத்தை மூன்றால் பெருக்குங்கள். 1,50,000 × 3 = 4,50,000 டாலர். நீங்கள் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் இதுதான்.
4. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தபின் ஆண்டுக்கு 3 விழுக்காடு வளரும் முதலீட்டில் இந்தத் தொகை 30 ஆண்டு இருந்தால் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். ஏறத்தாழ 10 லட்சத்து 90 ஆயிரம் டாலர்.
5. இனித் திருப்பிக் கேளுங்கள்: இதை ஈடுகட்ட, ஃபெலோஷிப்புக்குப் பிறகு 30 ஆண்டும் ஆண்டுதோறும் எவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்க வேண்டும்? 3 விழுக்காட்டில் சுமார் 23,000 டாலர். 5 விழுக்காட்டில் சுமார் 29,000 டாலர்.

ஐந்தாம் வரியில் வரும் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பொது மருத்துவரைவிட அவ்வளவு கூடுதலாக வாங்கினால்தான் நீங்கள் அவரோடு சமம். அதற்கு மேலே கிடைப்பதுதான் லாபம். மேலே சொன்ன இரண்டாம் கூட்டத் துறைகளில் பல, இந்தக் கூடுதலைத் தராததோடு பொது மருத்துவச் சம்பளத்துக்குக் கீழேயே இருக்கின்றன. மருத்துவர்களுக்கான இணையத்தளமான டாக்சிமிட்டி ஆண்டுதோறும் வெளியிடும் மருத்துவர் சம்பளப் பட்டியலின் அடிவரிசைகளில் குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பியியலும் குழந்தைகள் தொற்றுநோயியலும் தொடர்ந்து இடம்பிடித்து வருகின்றன.

குறிப்பு: ஒரே ஊரில், ஒரே வகை வேலையில் ஒப்பிடுங்கள். அபூர்வ நோய்களைப் பார்க்கும் துறைக்குப் பெரிய குழந்தைகள் மருத்துவமனையை விட்டால் வேறு இடமில்லை. அவை பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. சம்பளம் அவற்றின் அட்டவணைப்படிதான் வரும். பொது மருத்துவருக்கோ சிற்றூர், தனியார் குழு, சமூக நல மையம் என்று பல கதவுகள் திறந்திருக்கின்றன. பாஸ்டனில் ஒருவர் வாங்குவதையும் ஒஹாயோவில் ஒரு சிற்றூரில் இன்னொருவர் வாங்குவதையும் ஒப்பிட்டு முடிவெடுத்தால் கணக்கு எந்தப் பக்கமும் சாயும்.

குடும்ப மருத்துவமும் உங்கள் யோசனையில் இருந்தால், அதை ரெசிடென்சிக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். அதுவும் மூன்றாண்டுப் பயிற்சிதான். மருத்துவச் செய்தித் தளமான மெட்ஸ்கேப்பின் அண்மைக்காலக் கணிப்புகளில் குடும்ப மருத்துவரும் பொதுக் குழந்தைநல மருத்துவரும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலரை ஒட்டியே நிற்கிறார்கள்; குடும்ப மருத்துவர் சற்று மேலே. முதியவர்களையும் பார்ப்பதால் அவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பணம் அவருக்கு வருகிறது என்பது இதற்கு ஒரு காரணம்.

படி 3: யார் பணம் கொடுக்கிறார் என்று பாருங்கள்

கோட்பாடு இந்த ஒரு படியில் மட்டும் வருகிறது. காரணம் தெரியாமல் எதிர்காலத்தை ஊகிக்க முடியாது என்பதால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவருக்கு மெடிகேர் காப்பீடு; அதன் கட்டணத்தை ஒன்றிய அரசு நாடு முழுமைக்கும் நிர்ணயிக்கிறது. குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கும் மேலானவர்கள் குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டையும் அதன் துணைத் திட்டமான சிப்பையும் நம்பியிருக்கிறார்கள். அதன் கட்டணத்தை ஒவ்வொரு மாநிலமும் தன் நிதிநிலைக்கு ஏற்ப வைத்துக்கொள்கிறது. ஒரே சேவைக்கு மெடிகேர் 100 டாலர் கொடுத்தால், மெடிக்கெய்ட் நாட்டுச் சராசரியில் 70 டாலரை ஒட்டிக் கொடுக்கிறது. பெரிய குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு வரும் நாட்பட்ட நோயுள்ள குழந்தைகளில் மெடிக்கெய்ட் பிள்ளைகளே அதிகம். ஆக, நோய் எவ்வளவு கடினமோ அவ்வளவுக்குக் குறைந்த கட்டணம் தருபவரைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை, ஃபெலோஷிப் முடித்த உட்பிரிவு மருத்துவருக்கு.

இதற்கு மேல் இன்னோர் அடுக்கும் இருக்கிறது. மருத்துவரின் உழைப்பை ஆர்.வி.யு. என்னும் அலகில் அளக்கிறார்கள். 2021-இல் உயர்த்தப்பட்ட பிறகும், ஏற்கெனவே பார்த்துவரும் நோயாளியின் ஓரளவு சிக்கலான வெளிநோயாளர் சந்திப்புக்கு 1.92 அலகுதான். கவலைக்கிடமான நிலையில் உள்ள பச்சிளங்குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் கவனித்துக்கொள்வதற்கு ஏறத்தாழ 8 அலகு. பச்சிளங்குழந்தை மருத்துவரின் உழைப்பு அந்த அலகுக்கு முழுத் தகுதி உடையது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் சர்க்கரை நோயுள்ள குழந்தையின் தாயோடு தொலைபேசியில் பேசி இன்சுலின் அளவை மாற்றுவது, பள்ளிக்குக் கடிதம் எழுதுவது, மருந்துக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் அனுமதி வாங்கப் போராடுவது ஆகியவற்றுக்கு எத்தனை அலகு? பெரும்பாலும் ஒன்றுமில்லை. குழந்தை பிழைத்து வளர்வதில் அந்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு. அளவுகோலுக்கு அது தெரிவதில்லை.

படி 4: கடனைத் தனியாகக் கணக்கிடுங்கள்

அமெரிக்காவிலேயே மருத்துவம் படித்துக் கடனோடு வெளிவருபவரின் இடைநிலைக் கடன் 2 லட்சம் டாலர் அளவில் இருக்கிறது. ஃபெலோஷிப் ஆண்டுகளிலும் வட்டி ஏறிக்கொண்டே போகும், 6.5 விழுக்காட்டில் ஆண்டுக்கு 13,000 டாலர். ஆனால் கடனே சில நேரம் ஃபெலோஷிப்பின் பக்கம் நிற்கவும் கூடும். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த பொதுச்சேவைக் கடன் தள்ளுபடித் திட்டத்தின்படி, லாபநோக்கற்ற மருத்துவமனையில் பணியாற்றிக்கொண்டே 120 மாதத் தவணை கட்டிவிட்டால், மீதியுள்ள ஒன்றிய அரசுக் கடன் தள்ளுபடி. ரெசிடென்சியும் ஃபெலோஷிப்பும் அந்தப் பத்தாண்டுக்குள் சேரும். ஆறு ஆண்டு சிறு தவணை, பிறகு குழந்தைகள் மருத்துவமனையில் நான்கு ஆண்டு வேலை, கடன் முடிந்தது.

இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. தள்ளுபடியை ஃபெலோஷிப்பின் கணக்கில் மட்டும் வரவு வைக்கிறார்கள். லாபநோக்கற்ற நிறுவனத்தில் சேரும் பொது மருத்துவருக்கும் அதே தள்ளுபடி உண்டு. தனியார் குழுவில் சேர்பவருக்குத்தான் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவு வைத்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

குழந்தைகள் துறை மருத்துவருக்கென்று ஒரு கடன் திருப்பிச் செலுத்தும் திட்டமும் இருக்கிறது. 2010-இலேயே சட்டத்தில் எழுதப்பட்ட அதற்கு 2022 நிதியாண்டில்தான் முதன்முதலாகப் பணம் ஒதுக்கினார்கள், நாடு முழுமைக்கும் 50 லட்சம் டாலர். மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் மூன்றாண்டு வேலை செய்தால் ஒருவருக்கு ஒரு லட்சம் டாலர் வரை கிடைக்கும். ஒதுக்கிய தொகையை இந்த ஒரு லட்சத்தால் வகுத்துப் பாருங்கள்: ஐம்பது பேருக்கு மேல் போதாது. விண்ணப்பியுங்கள், கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

எச்சரிக்கை: 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு ஒன்றிய அரசுக் கடன் மொத்தம் 2 லட்சம் டாலரோடு நின்றுவிடும். மீதியைத் தனியார் வங்கியில் வாங்கினால் அதற்குத் தள்ளுபடி கிடையாது. இந்தியாவில் வாங்கிய கல்விக் கடனுக்கும் கிடையாது.

படி 5: விசாவைக் கணக்கில் சேருங்கள்

ஜே-1 விசாவில் இருப்பவர்கள் இந்தப் படியை நிதானமாகப் படியுங்கள். இந்த விசாவில் பயிற்சிக்குப் பொதுவான உச்சவரம்பு ஏழு ஆண்டு. ரெசிடென்சியும் ஃபெலோஷிப்பும் சேர்ந்து ஆறு, எனவே அதில் சிக்கலில்லை. சிக்கல் அதன்பின் வருகிறது. இரண்டாண்டு தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற, பலரும் கான்ராட் 30 திட்டத்தைப் பிடிக்கிறார்கள். ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம். பெற்றவர் பற்றாக்குறைப் பகுதியில் மூன்றாண்டு வேலை செய்ய வேண்டும். பல மாநிலங்கள் முதலில் முதல்நிலை மருத்துவரையே எடுக்கின்றன. பொதுக் குழந்தைநல மருத்துவர் அந்த வரிசையில் வருகிறார். உட்பிரிவு மருத்துவர் பல இடங்களில் பின்வரிசை. குழந்தைகள் சிறுநீரக மருத்துவருக்கு வேலை இருக்கும் பெரிய மருத்துவமனை, பற்றாக்குறைப் பகுதிக்குள்ளேயே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. விண்ணப்பிக்கும் முன்பே, நீங்கள் போக நினைக்கும் மாநிலங்களின் விதியைப் படித்துவிடுங்கள்.

படி 6: எதிர்வாதங்களோடு மோதிப் பாருங்கள்

கணக்கு முடிந்ததும் சுற்றியிருப்பவர்கள் மூன்று வாதங்களை வைப்பார்கள். மூன்றையும் எடைபோட்ட பிறகே முடிவெடுங்கள்.

முதல் வாதம்: “இந்தத் துறைகளில் ஆளே இல்லை, பற்றாக்குறை சம்பளத்தைத் தானாக ஏற்றிவிடும்.” சந்தை விலை நடக்கும் இடத்துக்கு இது பொருந்தும். இங்கே விலையை வைப்பது மாநில அரசின் கட்டண அட்டவணை. குழந்தைகள் சிறுநீரகவியல், தொற்றுநோயியல், நாளமில்லாச் சுரப்பியியல் ஃபெலோஷிப் இடங்களில் பெரும் பங்கு ஆண்டுதோறும் காலியாக இருந்துவருகிறது. சம்பளம் அதற்கேற்ப ஏறவில்லை. 2013, 2014 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஒன்றிய அரசு பணம் கொடுத்து, முதல்நிலை மருத்துவருக்கும் குழந்தைகள் துறை மருத்துவருக்கும் மெடிக்கெய்ட் கட்டணத்தை மெடிகேர் அளவுக்கு உயர்த்தியது. பணம் நின்றதும் பல மாநிலங்கள் பழைய கட்டணத்துக்கே திரும்பின. தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2023-இல் வெளியிட்ட அறிக்கை அந்தச் சமநிலையை மீண்டும் கேட்டிருக்கிறது. அது சட்டமாகும்வரை அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடக் கூடாது. பற்றாக்குறையால் உங்களுக்குக் கிடைப்பது வேறு வகைப் பலம்: எந்த ஊர், மாதத்தில் எத்தனை இரவுப் பணி, சேரும்போது எவ்வளவு ஊக்கத்தொகை என்று பேரம் பேசும் பலம். அதை முழுதாகப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது வாதம்: “குழந்தை மருத்துவம் எளிது, நோயாளியும் குறைவு, அதனால் குறைந்த சம்பளம் இயல்புதான்.” இதை ஏற்பதற்கில்லை. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் கன்சல்டன்ட் மருத்துவர்களுக்கு ஒரே அடிப்படைச் சம்பள வரிசை; பெரியவரின் இதயத்தைப் பார்த்தாலும் குழந்தையின் மூட்டைப் பார்த்தாலும் அதே படிநிலைதான். இயல்பாக வரும் வித்தியாசமென்றால் அங்கேயும் வந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் தெரியும் இடைவெளி ஒரு கொள்கை முடிவின் விளைவு. வாக்குரிமை உள்ள முதியவருக்கு ஒரு கட்டணம், வாக்குரிமை இல்லாத குழந்தைக்கு இன்னொரு கட்டணம். உங்கள் சம்பளம் குறைவாக இருப்பதால் உங்கள் வேலையின் மதிப்பும் குறைவு என்று ஒருபோதும் எண்ண வேண்டாம்.

மூன்றாவது வாதம்தான் கனமானது: “நோயுற்ற குழந்தைக்கு மருத்துவம் பார்க்க வந்துவிட்டுப் பணத்தை எண்ணுவதா?” எண்ணத்தான் வேண்டும். எண்ணாமல் இருக்க வசதி உள்ளவர் குடும்பச் சொத்து உள்ளவர் மட்டுமே. கடனோடு வந்தவரும், ஊரில் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்புபவரும் இந்தக் கணக்கால்தான் முதலில் வெளியே தள்ளப்படுகிறார்கள். அதே நேரம், கணக்கைக் கண்டு மிரளவும் தேவையில்லை. நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் 80 ஆயிரம் டாலரை ஒட்டி இருக்கையில், குறைந்த சம்பளத் துறையில் இருக்கும் குழந்தை மருத்துவர்கூட அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் வாங்குகிறார். இழப்பு உண்மை, வறுமை வந்துவிடும் என்ற பயம் உண்மையில்லை. பணத்துக்காக மட்டும் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போவதும் இதே அளவு தவறான முடிவு. ஐம்பது வயதிலும் இரவு முழுக்க மருத்துவமனையில் விழித்திருக்க வேண்டிய வேலை அது. மனம் ஒட்டாதவரால் தாங்க முடியாது.

படி 7: கையெழுத்துக்கு முன் பாதுகாப்பு

1. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உறுதிச் சம்பளம், அதன்பின் ஆர்.வி.யு. அலகுப்படி என்று ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநோயாளர் துறையில் மூன்றாம் ஆண்டு சம்பளம் இறங்குவது இங்கேதான். ஒப்பந்தம் கேட்கும் அலகு எண்ணிக்கையை, அந்தத் துறையில் ஏற்கெனவே இருப்பவர் உண்மையில் எட்டுகிறாரா என்று அவரிடமே கேளுங்கள்.
2. மருத்துவப் பிழைக் காப்பீடு எந்த வகை என்று கேளுங்கள். வழக்கு வரும் காலத்தில் பாலிசி நடப்பில் இருந்தால்தான் பலன் என்ற வகையானால், வேலையை விட்ட பின்னும் தொடரும் காப்புக்கு யார் பணம் கட்டுவார் என்று எழுதி வாங்குங்கள். பல மாநிலங்களில் குழந்தை வயதுக்கு வந்த பிறகும் வழக்குத் தொடர அவகாசம் உண்டு. எனவே பெரியவர்களைப் பார்க்கும் மருத்துவரைவிட உங்களுக்கு இந்தக் காப்பு பல ஆண்டு கூடுதலாகத் தேவைப்படும்.
3. உடல் இயலாமைக் காப்பீட்டைப் பயிற்சிக் காலத்திலேயே எடுங்கள். வயது ஏறினாலும் ஒரு நோய் வந்தாலும் பிரீமியம் கூடும். சில நேரம் கிடைக்காமலே போகும். சொந்தத் துறையில் வேலை செய்ய முடியாமல் போனாலே பணம் தரும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.
4. போட்டித் தடைப் பிரிவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஊரில் ஒரே ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருந்தால், அந்தப் பிரிவு உங்களை ஊரைவிட்டே அனுப்பிவிடும்.

ஏழு படியையும் முடித்த பிறகு ஐந்தாம் வரியின் அந்த எண்ணை மறுபடி பாருங்கள். அதைத் துறை கொடுக்கிறதென்றால் யோசிக்க அதிகமில்லை. கொடுக்கவில்லை, ஆனாலும் அந்த வேலைதான் வேண்டும் என்றால், கடனுக்கும் விசாவுக்கும் வழி தெரிந்திருக்கும் பட்சத்தில் சேருங்கள். ஆள் இல்லாத அந்தத் துறைகளுக்கு நீங்கள் தேவை. மேற்படிப்பு என்பதால் சம்பளம் கூடும் என்று மட்டுமே விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தால், அதை அனுப்பாதீர்கள்.